ரெட்வுட் காட்டுக்கு மூட்டை கட்டுவோம்

ஜூலை மாதம். கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அதே மாநிலத்தில் இருக்கும் ஒரு காட்டில்தான் நாம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். மூட்டையில் முதலில் என்ன வைக்க வேண்டும் தெரியுமா? ஸ்வெட்டர்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, குழந்தைகளே. ரெட்வுட் மரங்கள் நிற்கும் வடகலிபோர்னியாக் கடலோரத்தில், நடுக்கோடையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். காலையில் கூடாரத்தைத் திறந்தால் எதிரே இருக்கும் மரம்கூடப் பாதிதான் தெரியும். மீதியைப் பனிமூட்டம் மறைத்திருக்கும்.

பயணத்துக்குப் பட்டியல் போடுவது பெரியவர்களின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். போகிற இடத்தின் அறிவியல் யாருக்குத் தெரியுமோ, அவர்தான் பட்டியல் போட வேண்டும். இந்தக் காட்டுக்கு நாம் எடுத்துப் போகும் ஒவ்வொரு பொருளுக்கும், அங்கே நாம் மதிக்க வேண்டிய ஒவ்வொரு விதிக்கும் அந்த மரங்களிடமே ஒரு காரணம் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்கி, கலிபோர்னியாவின் பிக் சர் வரை சுமார் 720 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை ஓடுகிறது. அதன் அகலம் சில இடங்களில் 10 கிலோமீட்டர்கூட இல்லை. உலகிலேயே கடலோர ரெட்வுட் இயற்கையாக வளர்வது இந்தப் பட்டைக்குள் மட்டும்தான். நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் வளரும் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது ஊசியிலை மரக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தது. பட்டையின் வடபகுதியில், ஓரிக் என்ற சிற்றூருக்கும் கிரசென்ட் சிட்டிக்கும் அருகே, ஒரு தேசியப் பூங்காவும் மூன்று மாநிலப் பூங்காக்களும் ஒட்டி ஒட்டி அமைந்திருக்கின்றன. தேசியப் பூங்கா 1968-இல் உருவானது. 1980-இல் யுனெஸ்கோ இந்தக் காட்டை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 1994 முதல் நான்கு பூங்காக்களையும் சேர்த்தே நிர்வகிக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால் ஓரிக் வந்துவிடும். காரில் சுமார் 6 மணி நேரம் ஆகும்.

சரி, கோடையில் அங்கே மட்டும் ஏன் குளிர்?

காரணம் கடலில் இருக்கிறது. கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று, கரையோரக் கடலின் மேல்நீரைக் கரையை விட்டு விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து சில்லென்ற நீர் மேலே வருகிறது. பசிபிக்கின் மேலே ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, இந்தக் குளிர்ந்த நீருக்கு மேல் வந்ததும் தானும் குளிர்கிறது. அதிலிருக்கும் நீராவி நுண்துளிகளாகி மிதக்கிறது. இப்படித்தான் பனிமூட்டம் உண்டாகிறது. இதே நேரத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வெயில் கொளுத்துவதால் அங்கே காற்று சூடேறி மேலே எழும். அதன் இடத்துக்குக் கடல் காற்று உள்ளே இழுக்கப்படும். பனிமூட்டமும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகக் கூடவே வந்து மரங்களுக்கிடையே நுழைந்துவிடும். உள்ளே எவ்வளவு சூடோ, கரையில் அவ்வளவு பனி!

மரங்களுக்கு இது பெரிய வரம். அங்கே மழைக்காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் மழை பெரும்பாலும் கிடையாது. வானம் வறண்டிருக்கும் அந்த மாதங்களில் பனிமூட்டத்தின் நுண்துளிகள் ஊசியிலைகளில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய துளியாகிச் சொட்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டாட் டாசன் இதை அளந்து 1998-இல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்த காட்டில், ஓராண்டில் தரையை அடையும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பனிமூட்டத்திலிருந்து சொட்டியதுதான். அந்தக் காட்டில் ஜூலையில் நடக்கும்போது வானத்தில் மழையே இல்லாமல் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தால், மரம் தனக்குத் தானே நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எனவே ஸ்வெட்டரோடு ஒரு மழைச்சட்டையும் பட்டியலில் ஏறுகிறது.

ஸ்வெட்டர் கம்பளியாக இருக்கட்டும். அல்லது பாலியஸ்டர் இழையில் செய்த ஃப்ளீஸ் சட்டை போதும். நமக்கு எப்போதும் உதவும் பருத்தி இங்கே உதவாது. பருத்தி இழை நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். உடலுக்கும் சட்டைக்கும் நடுவே வெப்பத்தைக் காப்பது காற்றுதான். ஈரம் அந்தக் காற்றிடத்தை நிரப்பிவிடும். போதாததற்கு, அந்த ஈரம் ஆவியாகும்போது நம் உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். சென்னை வெயிலில் இதே காரணத்தால்தான் பருத்தி சுகமாக இருக்கிறது. ஜீன்ஸும் பருத்திதான், மறக்காதீர்கள்.

கூடாரத்திலும் இதே பாடம் உண்டு. குளிருக்குப் பயந்து கூடாரத்தின் எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டுப் படுத்தால், விடியும்போது உட்புறத் துணி நனைந்திருக்கும். வெளியிலிருந்து வந்த நீர் அல்ல அது. இரவெல்லாம் நாம் விட்ட மூச்சிலிருந்த நீராவி, குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிவிட்டது. மேலே ஒரு சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். ஸ்லீப்பிங் பேக்குக்குக் கீழே ஒரு தடித்த விரிப்பும் வேண்டும். நாம் படுக்கும்போது எடை அழுத்துவதால் அடிப்பகுதியில் இருக்கும் காற்றெல்லாம் வெளியேறிவிடும். விரிப்பு இல்லாவிட்டால் தரை நம் வெப்பத்தை நேராக உறிஞ்சிவிடும்.

இப்போது கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்போம். உலகில் இன்று உயிரோடு நிற்கும் மரங்களில் மிக உயரமானது இந்தத் தேசியப் பூங்காவில்தான் இருக்கிறது. பெயர் ஹைபீரியன். 2006 ஆகஸ்டில் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். உயரம் சுமார் 116 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். அதன் கலசத்துக்கு மேல் இன்னும் 44 மீட்டர் உயர வேண்டும், ஹைபீரியனின் நுனியைத் தொட! அடர்ந்த காட்டுக்குள் மரத்தின் அடியும் நுனியும் ஒரே இடத்திலிருந்து தெரிவது அரிது. ஆகவே உயரத்தை உறுதி செய்ய, ஸ்டீபன் சில்லட் என்ற தாவரவியல் பேராசிரியரின் குழுவினர் கயிறு கட்டி நுனிவரை ஏறி, அங்கிருந்து அளவு நாடாவைத் தரைக்கு இறக்கினார்கள்.

இவ்வளவு உயரத்துக்கு நீர் எப்படி ஏறுகிறது? உலகின் எந்த உறிஞ்சு பம்பாலும் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சி ஏற்ற முடியாது. கிணற்றின் மேலே மோட்டார் வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மரமோ பம்பே இல்லாமல் 116 மீட்டருக்கு ஏற்றுகிறது. இலைத் துளைகளில் நீர் ஆவியாகும்போது, போகிற ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் குணம் உடையவை. எனவே இலையிலிருந்து வேர்வரை ஒரே இழையாக நீர் மேலே வருகிறது. அந்த இழை ஓடும் குழாய்கள் மயிரிழையை விட மெல்லியவை. ஆனால் உயரம் கூடக் கூட இழையின் இறுக்கமும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் இழை அறுந்து உள்ளே காற்றுக் குமிழி புகும் ஆபத்து வந்துவிடும். நுனி இலைகள் நீர் போதாமல் விரிய முடியாது. சில்லட்டும் அவருடைய நண்பர்களும் 2004-இல் இதையெல்லாம் கணக்கிட்டு, மரங்களின் உயரத்துக்கு ஓர் எல்லை சொன்னார்கள்: 122 முதல் 130 மீட்டர். உலகின் மிக உயரமான மரம் அந்த எல்லைக்கு இவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

உச்சி இலைகள் விரிய முடியாமல் போவதற்கான சாட்சியை நீங்களே கையருகே பார்க்கலாம். காற்று பலமாக அடித்த மறுநாள் பாதையெங்கும் சின்னச் சின்னக் குச்சிகள் உதிர்ந்து கிடக்கும். குனிந்து பாருங்கள். சில குச்சிகளில் இலைகள் தட்டையாக, இரு பக்கமும் சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். அவை நிழலான கீழ்க்கிளைகளிலிருந்து விழுந்தவை, ஒளியைப் பிடிக்க விரிந்தவை. வேறு சில குச்சிகளில் இலைகள் குட்டையாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். அவை உச்சியிலிருந்து வந்தவை. ஒரே மரம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு மரத்தின் இலைகள் என்றே சத்தியம் செய்வீர்கள். 2022-இல் ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். ரெட்வுட்டின் சில இலைகளின் முக்கிய வேலை உணவு சமைப்பது அல்ல, தம்மேல் படியும் நீரை நேரே உறிஞ்சிக்கொள்வது! வேரிலிருந்து நீர் வந்து சேரும்வரை காத்திருக்காமல், பனிமூட்டம் தொட்டதும் மரம் அங்கேயே குடித்துக்கொள்கிறது. இந்தக் குச்சிகளைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி எடுத்து வையுங்கள். பார்த்த பிறகு இருந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். அவை மட்கித்தான் அடுத்த தலைமுறைக்கு மண்ணாகின்றன.

தங்குமிடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரோடு போய்க் கூடாரம் அடிக்க நான்கு முகாம்கள் உள்ளன: ஜெடடையா ஸ்மித், மில் கிரீக், எல்க் பிரெய்ரி, கோல்ட் பிளஃப்ஸ் பீச். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆறு மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எல்க் பிரெய்ரியைச் சொல்வேன். பக்கத்திலேயே புல்வெளி, நாலா பக்கமும் நடைபாதைகள். புல்வெளியில் ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெரிய மான்கள் மேயும். ஆண் மான் 500 கிலோ எடைவரை வளரும். அழகில் மயங்கி அருகே போகக் கூடாது. 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஆகவே பட்டியலில் பைனாகுலர். காட்டுக்குள் பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. காகித வரைபடமும் வேண்டும்.

நடைப்பயணத்துக்கு வருவோம். ஒரு பாதையில் நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே கணக்கிட ஒரு வழி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இது: சமதரையில் 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றம் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 1 மணி நேரம். இது பழகிய மலையேறிகளின் கணக்கு. குழந்தைகள் என்றால் இரண்டால் பெருக்குங்கள். டால் ட்ரீஸ் தோப்புக்குப் போய்வர சுமார் 7 கிலோமீட்டர், ஏற்றம் 240 மீட்டர். நெய்ஸ்மித் கணக்கில் 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நமக்கு 3 மணி நேரத்துக்கும் மேல். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோப்பு ஆற்றங்கரையில் இருப்பதால் போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம். தண்ணீரில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். சின்னக் கால்களுக்கு லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு போதும். இரண்டரை கிலோமீட்டருக்குள் ஒரு வட்டப் பாதை, பெரும்பாலும் சமதரை. ஃபெர்ன் கேன்யன் என்று ஒரு குறுகிய பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 15 மீட்டர் உயரச் சுவர்கள் இரு பக்கமும், சுவர் முழுக்கப் பெரணிச் செடிகள் அடர்ந்து தொங்கும். ஓடை நீரில் கால் நனைத்து நடக்க வேண்டும். எனவே மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. கோடையில் இதற்கும் முன்பதிவு உண்டு.

தோப்புக்குள் தரையையும் பாருங்கள். மூன்று மூன்று இதய வடிவ இலைகளோடு ஒரு சிறு செடி பாய் விரித்தது போலப் படர்ந்திருக்கும். நம் வீட்டுத் தொட்டிகளில் தானாக முளைக்கும் புளியாரைக்கு நெருங்கிய உறவு அது. நிழலுக்கே பழகிய செடி. மரங்களின் இடைவெளி வழியே ஒரு வெயில் திட்டு அதன்மேல் விழுந்தால், சில நிமிடங்களில் இலைகள் குடை மடிவது போலக் கீழே மடங்கும். வெயில் நகர்ந்ததும் மறுபடி விரியும். கடிகாரத்தை வைத்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இதற்காகத்தான்.

ஆனால் பாதையை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 100 மீட்டர் உயர மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் பெரும்பாலும் 4 மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பக்கவாட்டில் 20 மீட்டருக்கு மேலும் பரவி, அடுத்த மரத்தின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன. மேல்மண்ணில் நெருக்கமாக ஓடும் நுண்வேர்களுக்குக் காற்றும் நீரும் மண்ணின் சிறு சிறு இடைவெளிகள் வழியாகத்தான் கிடைக்கும். ஆயிரம் பேர் மிதித்தால் அந்த இடைவெளிகள் அடைபட்டு மண் கெட்டியாகிவிடும்.

ஹைபீரியனுக்கு நடந்தது இதுதான். அது எங்கே நிற்கிறது என்பதைப் பூங்கா நிர்வாகம் ரகசியமாகவே வைத்திருந்தது. ஆனால் இருப்பிடம் இணையத்தில் கசிந்தது. பாதையே இல்லாத அந்த இடத்துக்குச் செடிகளை மிதித்துக்கொண்டு கூட்டம் வந்தது. மரத்தடியில் பெரணிகள் அழிந்தன, குப்பை சேர்ந்தது. 2022-இல் நிர்வாகம் அந்தப் பகுதியை மூடியது. மீறிப் போனால் 5,000 டாலர் அபராதமும் 6 மாதச் சிறையும் கிடைக்கலாம். மூடியது முற்றிலும் சரி என்பதே என் கருத்து. ஹைபீரியனின் அடியில் நின்றால் அதன் உச்சி தெரியாது. மற்ற மரங்களிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லவும் முடியாது. டைட்டன்ஸ் தோப்பு என்ற இன்னோர் இடத்திலும் இதே தொல்லை இருந்தது. அங்கே தரையிலிருந்து உயர்த்திய நடைமேடை அமைத்து, வேர்களை மிதிக்காமல் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். பெரிய மரத்தைப் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

காலணிகளைப் புறப்படும் முன்பே தேய்த்துக் கழுவி விடுங்கள். மண்ணில் ஒட்டிப் பயணிக்கும் ஒரு நுண்ணுயிர், 1990-களின் நடுவிலிருந்து கலிபோர்னியக் கடலோரத்தில் லட்சக்கணக்கான ஓக், டேன்ஓக் மரங்களைக் கொன்றிருக்கிறது. ஒரு காட்டுச் சேற்றை இன்னொரு காட்டுக்கு நாமே சுமந்து போகக் கூடாது. குளிர்காய விறகும் அப்படித்தான். ஊரிலிருந்து கொண்டு போகாமல் அங்கேயே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் விறகுக்குள் பூச்சிகளும் கூடவே வந்துவிடும்.

சாப்பாடு! நீண்ட பயணம் என்றால் நம் வீட்டில் முறுக்கும் தட்டையும் இல்லாமல் இருக்குமா? எடுத்துப் போகலாம். ஆனால் முறுக்கு உடையும்போது தூள் சிதறும். அந்தத் தூள் ஒரு பறவையின் உயிருக்கு ஆபத்து என்றால் நம்புவீர்களா?

அந்தப் பறவையின் பெயர் மார்பிள்டு மர்ரலெட். புறாவை விடச் சிறியது. கடலில் மீன் பிடித்துத் தின்னும் பறவை. ஆனால் முட்டையிட மட்டும் கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே வந்து, முதிர்ந்த மரங்களின் அகலமான கிளைகளைத் தேடும். கூடு கட்டாது. கிளையின் மேல் தடித்து வளர்ந்த பாசியில் ஒரு சிறு குழி, அதில் ஒரே ஒரு முட்டை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த மரத்தில்தான் அப்படிப்பட்ட கிளை இருக்கும். கடல் பறவை காட்டு மரத்தின் உச்சியில் முட்டையிடும் என்று யார் நினைப்பார்கள்? பறவையியலாளர்கள் பல பத்தாண்டுகள் தேடியும் கூடு கிடைக்கவில்லை. 1974-இல்தான் பிக் பேசின் ரெட்வுட் பூங்காவில், மரக்கிளை வெட்டச் சென்ற ஒரு தொழிலாளி தற்செயலாக உச்சியில் ஒரு குஞ்சைப் பார்த்தார்.

இந்த முட்டைக்கு எதிரிகள், நீலநிற ஸ்டெல்லர் ஜே பறவையும் அண்டங்காக்கையும். இரண்டுமே மிகுந்த புத்திசாலிகள். முகாமில் மனிதர்கள் சிந்தும் ரொட்டித் துண்டும் முறுக்குத் தூளும் தினமும் கிடைக்கும் என்று அறிந்துகொண்டால், அங்கேயே பெருகிவிடும். அக்கம்பக்கத்து மரங்களில் தேடும்போது மர்ரலெட்டின் முட்டையும் குஞ்சும் அவற்றின் கண்ணில் படும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை, அதை இழந்தால் என்ன செய்யும்? எனவே மேசைமேல் விரிக்க ஒரு துணி எடுத்துப் போங்கள். சாப்பிட்டதும் துணியோடு தூளைக் கூட்டிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டுங்கள். தரையில் விழுந்ததையும் பொறுக்குங்கள். "சின்னத் துணுக்குதானே" என்று யாராவது சொன்னால் மர்ரலெட்டின் கதையைச் சொல்லுங்கள்.

கருங்கரடிகளுக்காகவும் ஒரு விதி உண்டு. வாசனை வரும் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. உணவு மட்டும் அல்ல, பற்பசையும் சோப்பும்கூட. ஒவ்வொரு முகாமிலும் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் அதில் பூட்டிவிட வேண்டும். மனித உணவுக்குப் பழகிய கரடி பயம் விட்டு மனிதர்களிடம் வரும். கடைசியில் கரடிக்குத்தான் ஆபத்து.

கடற்கரையில் விளையாடும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். எதிர்பாராமல் பேரலை ஏறி வரும் கரை அது. நிலம் அதிர்ந்தால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 1964-இல் அலாஸ்காவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி, கிரசென்ட் சிட்டியின் கடைத்தெருவையே அடித்துப் போனது. நம் கரையில் 2004-இல் வந்த சுனாமியை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரவில் முகாமின் நெருப்பு வளையத்தருகே உட்காரும்போது பெரிய மரங்களின் அடிப்பட்டையைக் கவனியுங்கள். பலவற்றில் கரி படிந்திருக்கும். பழைய காட்டுத்தீயின் தழும்பு. ரெட்வுட்டின் பட்டை 30 சென்டிமீட்டர் தடிமன்வரை வளரும், நார் நாராக இருக்கும். பைன் மரம் போல எளிதில் பற்றும் பிசின் இதில் அதிகம் இல்லை. சில மரங்களில் தீ அடிமரத்தைக் குடைந்து ஓர் அறையையே உண்டாக்கியிருக்கும். முன்பு குடியேறியவர்கள் அதில் வாத்துகளை அடைத்து வளர்த்தார்கள். அடி குடைந்த பிறகும் மேலே மரம் பச்சையாக நிற்கும், ஏனென்றால் நீர் ஏறும் பாதை பட்டையை அடுத்துள்ள வெளி அடுக்குகளில் இருக்கிறது.

2020 ஆகஸ்டில் மின்னல்கள் மூட்டிய தீ, பிக் பேசின் பூங்காவில் 97 சதவீதத்தை எரித்தது. மரங்கள் உச்சிவரை கருகின. இலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் முடிந்தது என்று பலர் கண்ணீர் விட்டார்கள். சில மாதங்களில் கரிந்த அடிமரங்களிலிருந்து பச்சைத் துளிர்கள் கிளம்பின! பட்டைக்கு அடியில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்த மொட்டுகள் அவை. இலையே இல்லாத மரத்துக்குத் துளிர்விட உணவு ஏது? 2023-இல் வெளியான ஆய்வு விடை சொன்னது. பல பத்தாண்டுகளுக்கு முன் மரம் சமைத்துச் சேமித்த சர்க்கரையைத்தான் அந்தத் துளிர்களுக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி பள்ளிக்குப் போன காலத்து வெயிலில் உண்டான சர்க்கரையும் அதில் இருந்தது.

தீயைத் தாங்கிய மரத்தால் ரம்பத்தைத் தாங்க முடியவில்லை. இந்தக் காட்டின் மக்கள் யூரோக், டொலோவா போன்ற பழங்குடியினர். யூரோக் மக்கள் விழுந்த ரெட்வுட்டைக் குடைந்து படகு செய்தார்கள், பலகை பிளந்து வீடு கட்டினார்கள். இன்றும் கிளாமத் ஆற்றில் அவர்களுடைய ரெட்வுட் படகுகள் ஓடுகின்றன. 1850-களில் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்குப் பிறகு மரம் வெட்டும் தொழில் பெருகியது. ஒன்றரை நூற்றாண்டுக்குள், சுமார் 20 லட்சம் ஏக்கர் இருந்த முதிர்ந்த காட்டில் 95 சதவீதம் போய்விட்டது. 1918-இல் தொடங்கிய ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம், நிதி திரட்டித் தோப்பு தோப்பாக நிலம் வாங்கிக் காத்தது. மிஞ்சிய 5 சதவீதத்தில் ஏறக்குறைய பாதி, நாம் போகப்போகும் இந்த நான்கு பூங்காக்களுக்குள் இருக்கிறது.

கலிபோர்னியாவில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறவர்கள் விடுமுறையில் போய்வரலாம். போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஒரு நேரான குச்சியை எடுத்துக் கையை முழுதாக நீட்டிப் பிடியுங்கள். கண்ணிலிருந்து கைவரை எவ்வளவு தூரமோ, கைக்கு மேல் குச்சியின் நீளமும் அவ்வளவே இருக்க வேண்டும். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, உங்கள் தெருவின் உயரமான மரத்தைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் நடங்கள். கையின் இடத்தில் மரத்தின் அடியும் குச்சியின் முனையில் மரத்தின் உச்சியும் பொருந்தும்போது நில்லுங்கள். அங்கிருந்து மரம்வரை உள்ள தூரமே தோராயமாக மரத்தின் உயரம். பின்னால் நடக்கும்போது சாலை இருந்தால் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் பெயர், உயரம், அளந்த தேதி மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். மரத்தின் வயது தெரிந்த தாத்தா பாட்டி யாராவது தெருவில் இருந்தால், கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.